“மிஸ், என் டேப் ஓடல!”: எந்தப் புகாருக்கு எங்கே பார்ப்பது

காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். 38 பிள்ளைகள், 14 டேப் (தொடுதிரை டேப்லெட்). கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் எனக்குக் கிடையாது. டேப் வந்த புதிதில் “இதுக்கெல்லாம் யாரு சார்ஜ் போடுறது?” என்று பேச்சு வந்தபோது தெரியாமல் கையைத் தூக்கிவிட்டேன். அன்றிலிருந்து எந்த வகுப்பில் எது நின்றாலும் என் வகுப்பு வாசலில் ஒரு பையன் டேப்போடு நிற்கிறான். கீழே இருப்பவை என் நோட்டில் சேர்ந்த புகார்கள். பிள்ளைகள் சொன்ன சொல்லையே தலைப்பாக வைத்திருக்கிறேன். பீரியடுக்கு நடுவில் உங்கள் காதில் விழப்போவதும் அதுதானே.

எந்தப் புகார் வந்தாலும் டேப்பைக் கையில் வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லா டேப்பிலும் இப்படியா, இது ஒன்றில் மட்டுமா? இந்த ஒரு ஆப்பில் மட்டுமா, மற்றதிலுமா? நேற்று ஓடியதா? எல்லாவற்றிலும் என்றால் இணையத்தைப் பாருங்கள். ஒரு டேப்பில் மட்டும் என்றால் அந்த டேப்பை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். ஒரு ஆப்பில் மட்டும் என்றால் ஆப்பை மூடித் திறங்கள், இல்லாவிட்டால் அப்டேட் கேட்கிறதா என்று பாருங்கள். என் நோட்டில் ஆப்பின் மேல் உண்மையாகவே குற்றம் இருந்த பக்கங்கள் ரொம்பக் குறைவு. சார்ஜர், தேதி, இடம், கீபோர்டு, சத்தம் என்று ஆப்பைச் சுற்றித்தான் கோளாறு இருக்கும்.

“ராத்திரி பூரா போட்டும் சார்ஜ் ஏறல மிஸ்”

முதலில் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 5 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருந்தால் அது 5 வாட் கொடுக்கும், பழைய ஃபோன் சார்ஜர். டேப்பின் பேட்டரி 7000 எம்.ஏ.எச். அளவு என்றால் அதை நிரப்ப ஏறக்குறைய 27 வாட் மணி மின்சாரம் வேண்டும். 5 வாட்டில் ஆறு மணி நேரம் தாண்டிவிடும். அதையும் திரையை எரியவிட்டபடி போட்டால் ஏறுவதும் இறங்குவதும் சரியாகப் போய்விடும். 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் போதும். பர்மா பஜாரில் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் கையில் வாங்கினால் காற்றாடி மாதிரி எடையே இல்லாத சார்ஜரை வாங்காதீர்கள். காரணம் அடுத்த புகாரில் வரும்.

“14 டேப்பையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃப்யூஸ் போய்விடும்” என்று எங்கள் ஆபீஸில் ரொம்ப நாள் பயந்தார்கள். கணக்குப் போடுங்கள்: ஒன்றுக்கு 10 வாட் என்றால் மொத்தம் 140 வாட். இரண்டு பழைய சீலிங் ஃபேன் இழுப்பதும் அவ்வளவுதான். சுமை பிரச்சினை இல்லை. லூஸான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் பிரச்சினை. பிளக்கைத் தொட்டால் சுட்டது என்றால் அந்தப் பாக்ஸை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

சார்ஜர் சரி, ஒயரும் சரி, அப்படியும் ஏறவில்லையா? டேப்பை அணைத்துவிட்டு சார்ஜ் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி அழுக்கு அடைந்திருந்தால் பல்குத்தும் குச்சியால் மெதுவாக வழித்து எடுங்கள், குண்டூசி வேண்டாம். கடற்கரை ஓரப் பள்ளிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு பச்சை பூத்துவிடும். அது குச்சிக்கு வராது, கடைக்குத்தான் போக வேண்டும். ஜன்னலோரம் வைக்காமல் மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைக்க ஆரம்பித்த பிறகு எங்களுக்கு அந்தத் தொல்லை குறைந்தது. ஆனால் சார்ஜ் போடும்போது டப்பாவுக்குள்ளோ ஸ்டீல் பீரோவுக்குள்ளோ போட்டு மூடாதீர்கள், சூடு வெளியேற வழி இருக்காது.

டேப்பின் முதுகு லேசாக உப்பி, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது. அமுக்கிப் பார்க்கக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. அணைத்துத் தனியே எடுத்து வைத்துத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

“நான் தொடவே இல்ல, அதுவா அமுக்குது”

பேய் புகுந்துவிட்டது என்று ஒரு பெண் சத்தியம் செய்தாள். சார்ஜரைப் பிடுங்கியதும் பேய் போய்விட்டது. மட்டமான சார்ஜர் மின்சாரத்தோடு தாறுமாறான ஏற்ற இறக்கத்தையும் அனுப்பும், அதை மின் இரைச்சல் என்பார்கள். விரல் பட்டால் திரையில் உண்டாகும் மிக நுண்ணிய மின்மாற்றத்தைத்தான் டேப் ‘தொடுகை’ என்று எடுத்துக்கொள்கிறது. அந்த இரைச்சலையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். பிடுங்கிய பிறகும் அதுவாக அமுக்கினால் திரையில் வியர்வை, சாக்பீஸ் தூள், ஓரம் தூக்கிய ஸ்கிரீன் கார்டு ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். காய்ந்த பருத்தித் துணி போதும்.

“சுத்திக்கினே இருக்கு”

அதிகம் கேட்கிற புகார். வகுப்பில் வைஃபை இல்லாமல் டீச்சரின் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் முதலில் எத்தனை டேப் இணைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பல ஃபோன்களில் 8 அல்லது 10 கருவிதான் உச்சம். பதினொன்றாவது பிள்ளைக்குக் கடைசிவரை சுற்றத்தான் செய்யும், அவனை எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னாலும்.

இணைந்தும் சுற்றினால் பின்னணியில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். டேப்புக்கு உங்கள் ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான். ‘வைஃபை கிடைத்துவிட்டது’ என்று பத்து டேப்பும் ஒரே நேரத்தில் எல்லா ஆப்பையும் அப்டேட் செய்ய ஆரம்பித்துவிடும். ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். அதோடு வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் தொட்டு, ‘மீட்டர்டு’ என்று மாற்றிவிடுங்கள். இது அளந்து கொடுக்கிற இணையம், பார்த்துச் செலவழி என்று டேப்பிடம் சொல்வது போல. இந்த ஒரு மாற்றத்தில் எங்கள் வகுப்பில் பாதிச் சுற்றல் நின்றது.

மிச்சப் பாதிக்கு மருந்து, வகுப்பில் இணையத்தையே நம்பாமல் இருப்பது. 100 எம்.பி. வீடியோவை 14 டேப்பும் தனித்தனியாக இறக்கினால் 1.4 ஜி.பி. ஆகிறது. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. பேக் போட்டிருப்பவருக்கு முதல் பீரியடிலேயே நாள் முடிந்தது. அதனால் ஒரு டேப்பில் முந்தின நாள் இறக்கி, மற்றவற்றுக்கு ப்ளூடூத் வழியாகவோ மெமரி கார்டு வழியாகவோ மாற்றிவிடுங்கள். 2018இலிருந்து நம் பாடப்புத்தகங்களில் வருகிற கியூ.ஆர். குறியீட்டுப் பாடங்களை மத்திய அரசின் திக்‌ஷா ஆப்பில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், அப்புறம் இணையம் வேண்டாம். கியூ.ஆர். பிடிக்கவில்லை என்று சொன்னால் ஆப்புக்குள் இருக்கும் ஸ்கேனரில்தான் பிடிக்கிறார்களா, பக்கம் மடங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

“பாதுகாப்பு இல்லைன்னு சிவப்பா வருது”

மே மாத லீவு முடிந்து ஜூனில் வருகிற புகார். தேதியைப் பாருங்கள். லீவில் பேட்டரி முழுக்க இறங்கிப்போன சில டேப்புகள் எழுந்ததும் ஏதோ பழைய வருடத்தில் நிற்கும். இது நிஜமான தளம்தான் என்று காட்ட இணையத்தளங்கள் வைத்திருக்கும் சான்றுகளுக்குக் காலக்கெடு உண்டு. டேப்பின் கடிகாரம் தப்பாக இருந்தால் நல்ல சான்றும் செல்லாததாகத் தெரியும். தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது.

“மெமரி ஃபுல்லுன்னு சொல்லுது”

ஸ்கிரீன்ஷாட்டும் செல்ஃபியும் தான். பாதி டேப்பில் ஒரே ஃபேனின் படம் எழுபது தடவை இருக்கும், பட்டனைத் தெரியாமல் அமுக்கி எடுத்தது. அழிக்க வேண்டியது அதை. நான் முதல் வருடம் செய்தது வேறு. ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போனால் இரண்டு பட்டன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்: ‘கேஷ் அழி’, ‘டேட்டா அழி’. முதலாவது தற்காலிகக் குப்பையை மட்டும் எடுக்கும். இரண்டாவது வீட்டையே காலி செய்துவிடும். இரண்டாவதை அமுக்கினேன். மூன்று நாள் மாலை உட்கார்ந்து இறக்கி வைத்த பாடம் முழுக்க, பிள்ளைகளின் பெயரோடும் மதிப்பெண்ணோடும் போயிற்று. இடம் நிறையக் கிடைத்தது என்பது உண்மைதான்.

“சரியாத்தான் எழுதினேன், தப்புன்னு காட்டுது”

இந்தப் புகாரை ஒரு பருவம் முழுக்க நான் நம்பவில்லை. எழுத்துப்பிழை விட்டுவிட்டுச் சமாளிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில் ஒரு பையன் ‘மௌனம்’ என்று எழுதியிருந்தான், விடையிலும் மௌனம்தான். பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டையும் முகத்தருகே வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. தாளில் ‘மௌ’ எழுதும்போது ஒற்றைக் கொம்பு, ம, அப்புறம் ள போன்ற ஒரு குறி போடுகிறோம். அவனும் கீபோர்டில் அப்படியே ம, ஒற்றைக் கொம்பு, ‘ள’ என்ற எழுத்து என்று தட்டியிருக்கிறான். நமக்கு மௌனம். டேப்புக்கு அது ‘மெ-ள-ன-ம்’, நாலெழுத்துச் சொல். ஔவையாரும் இதே கதைதான். ‘ஔ’ ஒரே எழுத்து. பிள்ளைகள் ‘ஒ’ தட்டிப் பக்கத்தில் ‘ள’ தட்டினால் அது ஒ-ள-வையார். நம் ஆட்களிலேயே பாதிப் பேர் வாட்ஸப்பில் இப்படித்தான் எழுதுகிறோம், கேள்வித்தாள் தயாரிக்கிறவரும் அதில் ஒருவராக இருந்துவிட்டால் சரியாக எழுதின பிள்ளைக்குத்தான் சிவப்பு விழும்.

‘கொ’ இன்னும் விநோதம். இதையும் பிள்ளைகள் தாளில் எழுதுகிற வரிசையில் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டுவார்கள். கம்ப்யூட்டர்கள் எழுத்துகளைக் குறிக்கும் பொது எண் முறையான யுனிகோடின் கணக்கில் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் சேர்ந்ததும், ‘ொ’ என்ற ஒரே குறியும் ஒன்றுக்கொன்று சமம். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஆப்பில் பிரச்சினை வராது. மாற்றாத ஆப்பில் வரும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ தட்டுகிற பிள்ளைகளும் உண்டு. அது எந்த ஆப்பிலும் தப்புத்தான், தப்பாகத்தான் இருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிது. சந்தேகமான எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரே ஒரு முறை அழிக்கும் பட்டனைத் தட்டுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளில், ‘கொ’ ஒரே குறியாக இருந்தால் ‘க’ மிஞ்சும். இரண்டு துண்டாக இருந்தால் ‘கெ’ மிஞ்சும். ‘மௌ’வில் ‘மெ’ மிஞ்சினால் ள தட்டியிருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டோம், ‘ஒரு தட்டு தட்டிப் பாரு’ என்று. உயிர்மெய் எழுத்து எப்படிச் சேர்கிறது என்று கரும்பலகையில் நான் சொன்னபோது விழாத விஷயம் அந்த அழிக்கும் பட்டனில் சிலருக்கு விழுந்தது.

தீர்வு உங்கள் பக்கம்தான். வினாவை நீங்கள் தயாரிக்கிறீர்கள் என்றால் விடையில் மாற்று வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள், முடியாவிட்டால் தேர்ந்தெடுக்கும் வினாவாக மாற்றுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்99 கீபோர்டைப் பழக்கினால் அடிப்படையே சரியாகும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. மெய்யும் உயிரும் தட்டினால் எழுத்தை அதுவே சேர்த்துக்கொடுக்கும், கொம்பைத் தனியே தேட வேண்டியதில்லை. இன்னொன்று, கீபோர்டு தரும் பரிந்துரைச் சொல்லைத் தொட்டால் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும். சில ஆப்புகள் அந்த இடைவெளிக்கும் தப்புப் போடும்.

பழைய கேள்வித்தாளிலிருந்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறதா? அது யுனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்தது. மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

“நான் படிச்சது சரி, அதுக்குத்தான் காது கேக்கல”

பிள்ளை வாசிக்க, ஆப் கேட்டு மதிப்பிடும் வாசிப்புப் பயிற்சிக்கு வருகிற புகார். முதலில் மைக் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து மைக் ஓட்டையை உறை மூடியிருக்கிறதா. அடுத்து சத்தம். நாலு ஃபேன், வெளியே துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், உள்ளே 14 பேர் 14 வேகத்தில் வாசிக்கிறார்கள். மனிதக் காதே திணறும். ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் வாசிக்க விடாதீர்கள். சுவரைப் பார்த்து உட்கார வையுங்கள், மைக் உள்ள ஹெட்செட் இரண்டு இருந்தால் போதும், முறை போட்டுக்கொள்ளலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பெண் ஒரே வரியில் ஐந்து முறை மாட்டிக்கொண்டாள். வரியில் வாழைப்பழம் இருந்தது. அவள் வாயப்பயம் என்றாள். அவள் அம்மாவும் அப்படித்தான் சொல்வார், காசிமேட்டு மார்க்கெட்டில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஐந்தாம் முறை டேப்பை என்னிடம் நீட்டி, “வாயப்பயம்னா வாயப்பயம் தானே மிஸ், இதுக்கு இன்னா வேணுமாம்?” என்று கேட்டாள்.

இந்த இடத்தில் என் தீர்ப்பு இது. ழகரம் சொல்லிக்கொடுப்பது என் வேலை, அதை நான் விடமாட்டேன். ஆனால் ஆப் கொடுக்கிற நட்சத்திரத்தை வாசிப்புத் திறன் என்று பதிவேட்டில் ஏற்றமாட்டேன். அவள் அந்தப் பத்தியைத் தடங்கல் இல்லாமல் படித்து, கதையையும் சொன்னாள். ஆப் அளந்தது உச்சரிப்பை. இரண்டையும் இரண்டு கட்டமாக எழுதுங்கள். இப்படி மாட்டுகிற பிள்ளைக்கு அந்த வரியை ஆப்பில் தாண்டவிட்டு, ழ-வை மட்டும் தனியாக, நாக்கை மடித்துக் காட்டி, நேரில் சொல்லிக்கொடுங்கள். டேப்புக்கு நாக்கு இல்லை.

“யாரோட அக்கவுண்டையோ கேக்குது”

யாரோ ஃபேக்டரி ரீசெட் செய்து, டேப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். ரீசெட் ஆன ஆண்ட்ராய்டு டேப், திருட்டைத் தடுக்க, முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அந்தக் கணக்கு மாறுதலில் போன டீச்சருடையதாக இருக்கும். ஃபோன் செய்ய வேண்டியதுதான்.

“அக்கா, நல்லாருக்கீங்களா? நம்ம ஆறாம் நம்பர் டேப்ல உங்க மெயில் போட்டிருந்தீங்களே...”

“அய்யோ, அந்த பாஸ்வேர்டு பையன் பேரும் பொறந்த வருஷமும்மா. பெரியவனா சின்னவனான்னுதான் ஞாபகம் இல்ல.”

சின்னவன். பள்ளிக்கென்று ஒரே மெயில் வைத்து, பாஸ்வேர்டை உறையிலிட்டுத் தலைமையாசிரியர் அலமாரியில் வையுங்கள். ரீசெட் செய்யும் முன் செட்டிங்ஸில் கணக்கை நீக்கிவிட்டால் இந்தக் கேள்வியே வராது.

“மிஸ், இவன் யூடியூப் போயிட்டான்”

ஆண்ட்ராய்டு 5இலிருந்து ‘ஆப் பின்னிங்’ வசதி இருக்கிறது, செக்யூரிட்டி செட்டிங்ஸில் தேடுங்கள். வெளியே வரப் பின் நம்பர் கேட்கும் தேர்வையும் அங்கேயே போட்டுவிட்டு ஒரு ஆப்பைக் குத்திவிட்டால், அந்த நம்பர் இல்லாமல் வெளியே வர முடியாது. பின் நம்பராக 1234 வைக்காதீர்கள், இரண்டு நாளில் கண்டுபிடித்தார்கள்.

“முடிச்சிட்டோம் மிஸ்”

கோளாறு மாதிரியே தெரியாத கோளாறு. எல்லா டேப்பும் ஓடுகிறது, வகுப்பு அமைதி, பத்து நிமிடத்தில் எல்லோரும் முடித்துவிட்டார்கள். எதைக் கேட்டாலும் பதில் இல்லை. 38 பேருக்கு 14 டேப் என்றால் மூன்று பேருக்கு ஒன்று. ஒருவன் விரல் வைக்கிறான், ஒருவள் எட்டிப் பார்க்கிறாள், மூன்றாவது ஆள் ஃபேனைப் பார்க்கிறான். விரல் வைத்தவனும் சரியான பட்டன் மாட்டும்வரை தட்டிக்கொண்டே இருந்திருப்பான்.

சரிபார்ப்பது: பின்னால் நின்று ஐந்து நிமிடம் விரல்களை மட்டும் பாருங்கள், திரையைப் பார்க்காதீர்கள். எந்தக் குழுவில் ஒரே விரல் மட்டும் ஓடுகிறதோ அதில்தான் பழுது. நான் செய்வது, டேப் பிடிப்பவர் பேசக் கூடாது, மற்ற இருவரும் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை டேப் கை மாறும்.

அடுத்தது தாள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் மின்சுற்றுப் பாவனை, அதாவது திரையிலேயே பேட்டரி, ஒயர், பல்பு சேர்த்துப் பார்க்கும் ஆப், இலவசம், ஒரே கோப்பாக இறக்கினால் இணையமில்லாமலும் ஓடும். முதல் தடவை நேரடியாகக் கொடுத்தேன், பேட்டரியை ஷார்ட் செய்து தீப்பிடிக்க வைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த தடவை டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கரும்பலகையில் சுற்று வரைந்து, ‘இரண்டு பல்பை ஒரே வரிசையில் போட்டால் வெளிச்சம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா’ என்று தாளில் எழுதச் சொன்னேன். பாதிக்கு மேல் ‘முதல் பல்பு அதிகம் எரியும், ரெண்டாவதுக்குக் கரண்டு மிச்சம்தான் போகும்’ என்று எழுதியிருந்தார்கள். அப்புறம் டேப்பைத் திருப்பினோம். இரண்டும் ஒரே மாதிரி மங்கலாக எரிந்தன. அன்றைக்கு ‘முடிச்சிட்டோம்’ என்று யாரும் சொல்லவில்லை. கப்பலில் ஒயரிங் வேலை பார்க்கிறவரின் மகன், “எங்கப்பா வேற மாதிரி போடுவாரு மிஸ்” என்று பக்க இணைப்பை அவனாகவே வரைந்து காட்டினான்.

“கீழ வுட்டுட்டேன்”

முதலில் கையைப் பாருங்கள், கண்ணாடி குத்தியிருக்கிறதா என்று. அப்புறம்தான் டேப். விரிசல் மட்டும்தான், தொடுகை வேலை செய்கிறது என்றால் அகலமான செல்லோ டேப்பைக் குமிழி இல்லாமல் ஒட்டி, இருப்புப் பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள். எங்கள் ஒன்பதாம் நம்பர் அப்படித்தான் இரண்டு வருடமாக ஓடுகிறது. அதை யார் கையிலும் கொடுப்பதில்லை, கரும்பலகை ஓரத்தில் சாய்த்து வைத்து அந்த ஐந்து நிமிடக் கணக்கை அதில்தான் ஓடவிடுகிறோம்.